குளக்கட்டுச் சரிவில் மண் சறுக்கினால் பைல் தாங்குமா?

வன்னியின் இரணைமடு மாதிரி ஒரு குளக்கட்டின் சரிவில் பைல் (அத்திவாரத்துக்காக மண்ணுக்குள் ஆழமாக இறக்கும் தூண்) இறக்கினால் மண் சறுக்கினாலும் அத்திவாரம் அசையாதுதானே என்று கேட்டிருக்கிறீர்கள். அப்படி நம்பவே வேண்டாம். கட்டடப் பாரம் மேலிருந்து கீழே இறங்குகிறது, சறுக்கும் மண்ணோ பக்கவாட்டில் தள்ளுகிறது. அதற்கென்று கணக்குப் பார்த்துக் கம்பி கட்டாத பைல் வளைந்து வெடிக்கும், அதுவும் பெரும்பாலும் சறுக்கும் மண்ணும் அசையாத மண்ணும் பிரியும் சறுக்கு தளத்துக்குக் கிட்ட, மண்ணுக்குள்ளே, யார் கண்ணுக்கும் தெரியாத இடத்தில்.

எவ்வளவு தள்ளும்? ஆழத்தில் களிமண் பைலைச் சுற்றிப் பிதுங்கி வழியும் நிலைக்கு வந்தால், பைலின் ஒவ்வொரு மீற்றர் நீளத்திலும் களியின் வெட்டு வலிமையை (சறுக்காமல் தாங்கும் பலத்தை) பைலின் விட்டத்தால் பெருக்கி, அதைப்போல ஒன்பது மடங்காவது வரும். வெட்டு வலிமை 25 கிலோபாஸ்கல் உள்ள களி, அரை மீற்றர் விட்டமுள்ள பைல் என்றால் மீற்றருக்கு 11 தொன்னுக்கு மேல்! மேல்மட்டத்தில் இது குறைவு.

சரி, வன்னியில் எப்போது பயப்பட வேண்டும்? குளத்து நீர் சட்டென்று இறங்கும்போது. சரிவைத் தாங்கிய நீர் போய்விடும், களிக்குள் ஊறிய நீர் போகாது. அதனால் பைல் சறுக்கு தளத்தைத் தாண்டி உறுதியான மண்ணுக்குள் நன்றாக இறங்க வேண்டும். எங்கே அந்தத் தளம் என்று துளையிட்டுப் பார்க்காமல் வேலையைத் தொடங்காதீர்கள்.