பூஜ்ஜியத்துக்குக் கீழே பைக்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

வெளியே பூஜ்ஜியத்தை ஒட்டிய குளிர். ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு கிளவுஸ் போட்டும் இருபதே நிமிடத்தில் விரல்கள் மரத்துப்போகின்றன. கிளட்சைப் பிடித்திருக்கிறேனா இல்லையா என்றே தெரிவதில்லை. என்ன செய்யலாம்?

முதலில் அந்த இரண்டாவது கிளவுஸைக் கழற்றுங்கள். விரல்களை இறுக்கினால் ரத்த ஓட்டம் குறையும். கிளவுஸுக்குள் அடைபட்டு நிற்கும் காற்றுதான் சூட்டைக் காக்கிறது. இறுக்கத்தில் அதுவும் நசுங்கிப்போகும். விரல்களைத் தாராளமாக மடக்கி நீட்ட இடமிருக்கும் ஒரே ஒரு நல்ல கிளவுஸ் போதும். காலுறைக்கும் இதே கணக்குதான். ஷூவுக்குள் இரண்டு தடித்த சாக்ஸைத் திணித்தால் கால் இன்னும் சீக்கிரம் சில்லிட்டுப்போகும்.

அடுத்து, காற்று. பூஜ்ஜியம் டிகிரியில் மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் போனால், திறந்த தோலுக்கு அது ஏறக்குறைய மைனஸ் 10 டிகிரிபோல உறைக்கும். மைனஸ் 10-இல் அதே வேகம் என்றால் மைனஸ் 24. "சரி, மெதுவாகப் போகிறேன்" என்று 50-க்கு இறங்கினாலும், பூஜ்ஜியம் டிகிரியில் உறைக்கும் அந்த மைனஸ் 10 என்பது மைனஸ் 8 ஆகுமே தவிர, பெரிய லாபமில்லை. வேகத்தைக் குறைப்பதைவிடக் காற்றைத் தடுப்பதில்தான் பலன். அதனால் முதல் செலவு ஹேண்டில்பாரில் மாட்டும் கை உறைகளுக்கு: கைப்பிடி, லீவர், உங்கள் கை எல்லாவற்றையும் சேர்த்து மூடும் பெரிய பைகள். பார்க்க அழகாக இருக்காதுதான். ஆனால் காசுக்கு இவ்வளவு பலன் தரும் பொருள் பனிக்கால ஓட்டத்தில் வேறில்லை. மாட்டிய பின், பைக் நிற்கும்போதே ஹேண்டிலை இரு பக்கமும் முழுக்கத் திருப்பி, பை எந்த லீவரையும் அழுத்தவில்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள். முன் பிரேக் லீவரைக் காற்று தள்ளி அழுத்தும் அளவுக்குத் தொளதொளவென்று இருக்கக் கூடாது.

மின்சூட்டுக் கைப்பிடிகள் உள்ளங்கையை மட்டுமே சுடவைக்கும். விரலின் வெளிப்புறத்தில் காற்று அடித்துக்கொண்டேதான் இருக்கும். கை உறையும் சூட்டுக் கைப்பிடியும் சேர்ந்தால்தான் முழுப் பலன். இதற்கும் மேலே வேண்டுமென்றால், கைக்கு அல்ல, மார்புக்குச் சூடு கொடுங்கள். உடம்பின் நடுப்பகுதி குளிர்ந்தால் உடல் தன்னைக் காத்துக்கொள்ள முதலில் கை கால்களுக்குப் போகும் ரத்தத்தைத்தான் குறைக்கும். மின்சூட்டு ஜாக்கெட் போட்டவருக்கு விரலும் சேர்ந்து சூடாவதற்குக் காரணம் இதுதான்.

மின்சாரக் கணக்கைப் போடாமல் எதையும் வாங்க வேண்டாம். கைப்பிடிகள் ஜோடிக்குச் சுமார் 35 வாட், முழுக்கை ஜாக்கெட் சுமார் 90 வாட் இழுக்கும். 12 வோல்ட்டில் இரண்டும் சேர்ந்து 10 ஆம்பியரைத் தாண்டிவிடும். சிறிய பைக்கின் ஆல்டர்னேட்டரில் அவ்வளவு மிச்சம் இருக்காது. எல்லாவற்றையும் போட்டுவிட்டு, வழக்கமாக ஓட்டும் ஆர்பிஎம்மில் பேட்டரி முனைகளில் மல்ட்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். 13.5 வோல்ட்டுக்கு மேல் இருந்தால் கவலையில்லை. 13-க்குக் கீழே போனால் பேட்டரி கரைந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். ஒயரைப் பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வழியாக ரிலேவுக்கு (சிறிய மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தைத் திறந்து மூடும் சுவிட்ச்) கொண்டுபோங்கள். ரிலேவைச் சாவி போட்டால் மட்டும் வேலை செய்யும் இணைப்பில் கோத்துவிடுங்கள். ஹெட்லைட் ஒயரில் கோத்தால் அது உருகும்.

காலையில் செல்ஃப் எடுக்கவில்லை. மாலையில் அதே பைக் உடனே ஸ்டார்ட் ஆகிறது. பேட்டரி போய்விட்டதா?

போயிருக்கலாம், ஆனால் குளிரே பாதிக் காரணம். ஈய-அமில பேட்டரிக்குள் நடக்கும் வேதிவினை குளிரில் மந்தமாகிவிடும், மைனஸ் 18 டிகிரியில் அதன் பலம் ஏறக்குறைய பாதியாகக் குறையும். அதே நேரத்தில் ஆயில் கெட்டிப்பட்டு, எஞ்சினைச் சுழற்றக் கூடுதல் பலம் தேவைப்படும். பைக் ஓய்விலிருக்கும்போது பேட்டரியில் 12.6 முதல் 12.8 வோல்ட் இருக்க வேண்டும். 12.2 என்றால் பாதி சார்ஜ்தான். அந்த நிலையில் பனியில் விடாதீர்கள். முழு சார்ஜில் உள்ள பேட்டரி மைனஸ் 50-ஐத் தாண்டினாலும் உறையாது. காலியானதோ மைனஸ் 10-க்கு முன்பே உறைந்துவிடலாம். உறைந்து உப்பிய பேட்டரியை ஒருபோதும் சார்ஜில் போடாதீர்கள், வெடிக்கும்.

லித்தியம் பேட்டரி என்றால் விஷயமே வேறு. குளிரில் முதல் முறை செல்ஃப் சோம்பலாகத்தான் சுற்றும். ஹெட்லைட்டை இரண்டு மூன்று நிமிடம் எரியவிட்டால், மின்சாரம் பாயும் சூட்டில் பேட்டரி தானே விழித்துக்கொள்ளும். பூஜ்ஜியத்துக்குக் கீழே இருக்கும்போது அதைச் சார்ஜரில் மாட்டக் கூடாது.

செல்ஃப் அடிக்கும்போது, நியூட்ரலில் இருந்தாலும் கிளட்சைப் பிடியுங்கள். கியர்பாக்ஸில் கெட்டிப்பட்ட ஆயிலையும் சேர்த்துச் சுழற்றும் வேலை மிச்சமாகும். ஐந்து விநாடி அடித்து, அரை நிமிடம் விட்டு, மறுபடி அடியுங்கள். ஆயில் டப்பாவில் W-க்கு முன்னால் உள்ள எண்ணைப் பாருங்கள். 20W ஆயிலைக் குளிரில் எஞ்சின் சுழலும் தன்மைக்கு மைனஸ் 15 டிகிரியில் சோதிக்கிறார்கள். 10W மைனஸ் 25-இல், 5W மைனஸ் 30-இல். உங்கள் பைக்கின் கையேடு எதை அனுமதிக்கிறதோ அதற்குள் சிறிய எண்ணைத் தேர்ந்தெடுங்கள். கிளட்ச் ஆயிலிலேயே மூழ்கியிருக்கும் பைக் என்றால் 'ஜாசோ எம்ஏ' என்ற ஜப்பானியத் தர முத்திரை கட்டாயம். கார் ஆயிலை ஊற்றினால் கிளட்ச் வழுக்கக்கூடும்.

பனியில் விழாமல் ஓட்டுவது எப்படி?

பனி என்று ஒரே பெயரில் சொல்வதெல்லாம் ஒன்றல்ல. புதிதாகப் பெய்த, பொலபொலவென்ற பனி சில சென்டிமீட்டர் ஆழமிருந்தாலும் பட்டன் உள்ள டயர் அதை வெட்டிக்கொண்டு போகும். வாகனங்கள் ஏறி இறங்கி இறுகி, கண்ணாடிபோல மெழுகிய பனிதான் பொல்லாதது. சிக்னல் முனைகளில் சக்கரங்கள் சுழன்று சுழன்று அப்படி ஆகியிருக்கும். எல்லாவற்றையும்விட மோசம், பூஜ்ஜியத்தை ஒட்டிய வெப்பநிலையில் ஈரமாக இருக்கும் ஐஸ். மைனஸ் 20-இல் ஐஸ் ஓரளவு சொரசொரப்பாக இருக்கும். பூஜ்ஜியத்தில் அதன் மேல் மெல்லிய நீர்ப்படலம் ஏறி, பிடிமானம் அறவே போய்விடும். பலரும் மைனஸ் 15-ஐக் கண்டு பயப்படுகிறார்கள். பயப்பட வேண்டியது பிளஸ் 2-ஐயும் மைனஸ் 2-ஐயும் கண்டுதான்.

மீட்டரில் 3 டிகிரி என்று காட்டுவது காற்றின் வெப்பநிலை. மேகமில்லாத இரவில் சாலையின் மேற்பரப்பு அதைவிடக் குளிர்ந்து, ஏற்கெனவே உறைந்திருக்கும். பாலங்கள் முதலில் உறையும், அடியிலும் காற்று ஓடுவதால். மர நிழல் விழும் வளைவுகளில் நடுப்பகலிலும் ஐஸ் மிச்சமிருக்கும். ஓர் அடையாளத்தை மறக்காதீர்கள்: சாலை ஈரம்போலப் பளபளக்கிறது, ஆனால் முன்னால் போகும் காரின் டயர் தண்ணீர் தெறிக்கவில்லை என்றால், அது தண்ணீரல்ல.

அப்படி ஓர் இடத்தில் ஏறிவிட்டதாகத் தெரிந்தால் எதையும் செய்யாமலிருப்பதே பெரிய வித்தை. பிரேக்கைத் தொடாதீர்கள், ஆக்ஸிலரேட்டரைச் சட்டென்று மூடாதீர்கள், கிளட்சை மெல்லப் பிடித்து, பார்வையைத் தூரத்தில் வைத்து, நேராகத் தாண்டுங்கள். ஆக்ஸிலரேட்டரைப் பட்டென்று மூடினால் எஞ்சின் பின் சக்கரத்தை இழுத்துப் பிடிக்கும். அதுவும் பிரேக் போட்டதற்குச் சமம்.

மற்ற நேரத்தில், வழக்கத்தைவிட ஒரு கியர் மேலே வைத்து ஓட்டுங்கள். நின்ற இடத்திலிருந்து இரண்டாவது கியரில் கிளப்பலாம். பின் பிரேக்கை முதன்மையாக்குங்கள். பின் சக்கரம் பூட்டிக்கொண்டால் பைக் வாலை ஆட்டும், மீட்க அவகாசமிருக்கும். முன் சக்கரம் பூட்டிக்கொண்டால் அந்த அவகாசம் கிடைக்காது. சாலையில் ஏபிஎஸ்ஸை அணைக்க வேண்டாம். ஐஸில் நிற்க, காய்ந்த சாலையில் நிற்பதைப்போலப் பல மடங்கு தூரம் தேவைப்படும். உங்களுக்கு மட்டுமல்ல, பின்னால் வருபவருக்கும்தான். சிக்னலில் நிற்கும்போது முதல் கியரைப் போட்டுவைத்து, பக்கக் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே இருங்கள். பனி பெய்துகொண்டிருந்தால் சில நிமிடங்களுக்கு ஒருமுறை பிரேக்கை லேசாகத் தொட்டு விடுங்கள். டிஸ்க்கில் ஐஸ் படிவதை அது தடுக்கும்.

பனிக்கு எந்த டயர்? காற்றைக் குறைத்து ஓட்டலாமா?

சாதாரண டயரின் ரப்பர் சுமார் 7 டிகிரிக்குக் கீழே இறுகத் தொடங்கும். பக்கவாட்டில் மூன்று மலைமுகடும் நடுவில் பனிச்சில்லும் உள்ள முத்திரையைத் தேடுங்கள். அது பனியில் சோதித்துத் தரப்படுவது. வெறும் 'எம் பிளஸ் எஸ்' (சேறும் பனியும்) எழுத்து தயாரிப்பாளர் தாமே போட்டுக்கொள்வது. பட்டன் 4 மில்லிமீட்டருக்குக் கீழே தேய்ந்துவிட்டால் அந்த டயரை நம்பிப் பனியில் இறங்க வேண்டாம். சுத்தமான ஐஸில் ரப்பர் எதுவும் உதவாது; ஆணி பதித்த டயர் ஒன்றுதான் பிடிக்கும். பொதுச்சாலையில் அதற்கு அனுமதி உண்டா என்பது நாட்டுக்கு நாடு மாறும், வாங்கும் முன் விசாரியுங்கள்.

சாலையில் ஓட்டுவதற்குக் காற்றைக் குறைக்க வேண்டாம், குளிரே குறைத்துவிடும். வெப்பநிலை 5 அல்லது 6 டிகிரி இறங்கினால் ஏறக்குறைய 1 பிஎஸ்ஐ போகும். 20 டிகிரி உள்ள கராஜில் 33 பிஎஸ்ஐ அடித்து, மைனஸ் 5-இல் வெளியே எடுத்தால் 28 அல்லது 29-தான் இருக்கும். வெளியே நிறுத்திவைத்த டயரில், கிளம்பும் முன் அளந்து அடியுங்கள்.

பழைய கார்புரேட்டர் பைக். ஈரமான குளிரில் அரைமணி நேரம் ஓடியதும் இழுவை குறைந்து ஆஃப் ஆகிறது. பத்து நிமிடம் நிறுத்தினால் ஒன்றுமே நடக்காததுபோல ஓடுகிறது. மெக்கானிக் கோளாறே இல்லை என்கிறார்.

அவர் பார்க்கும்போது கோளாறு உருகிப்போயிருக்கும். பெட்ரோல் ஆவியாகும்போது சுற்றிலும் உள்ள சூட்டை உறிஞ்சிக்கொள்ளும். அந்தக் குளிர்ச்சியில், உள்ளே வரும் காற்றின் ஈரம் கார்புரேட்டரின் தொண்டையில் ஐஸாகப் படிந்து வழியை அடைக்கிறது. நிறுத்தியதும் எஞ்சின் சூடு மேலேறி ஐஸைக் கரைத்துவிடுகிறது. கடுங்குளிரைவிட 0 முதல் 10 டிகிரிக்குள், மூடுபனி நாளில்தான் இது அதிகம். கடுங்குளிர்க் காற்றில் ஈரமே குறைவு. உங்கள் மாடலுக்குக் கார்புரேட்டர் ஹீட்டர் கிடைத்தால் அதுவே நிரந்தரத் தீர்வு. இல்லையென்றால், ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் கலந்த, ஐஸ் தடுக்கும் பெட்ரோல் சேர்மத்தைப் பாட்டிலில் போட்டிருக்கும் அளவுப்படி சேர்க்கலாம்.

ஹெல்மெட் கண்ணாடியில் ஆவி படிகிறது. திறந்தால் முகம் உறைகிறது.

இரட்டைக் கண்ணாடிதான் வழி. பின்லாக் வகை உள்தகட்டை, அதன் சிலிகான் விளிம்பு சுற்றிலும் கண்ணாடியோடு ஒட்டும்படி மாட்டுங்கள். ஓரிடத்தில் இடைவெளி இருந்தாலும் இரண்டுக்கும் நடுவே ஆவி புகுந்துவிடும். மூக்குக்குக் கீழே மூச்சுத் தடுப்பானும் வையுங்கள். பாத்திரம் கழுவும் சோப்புத் திரவத்தைத் தேய்ப்பது ஒரு நாளைக்குத் தாங்கும், அவ்வளவே. உள்தகட்டின் மேல் அதையும் செய்யாதீர்கள்.

சாலையில் உப்பு போடுகிறார்கள். தினமும் கழுவ வேண்டுமா?

ஆம். அதுவும் பச்சைத் தண்ணீரில். சூடான தண்ணீரும் உப்பும் சேர்ந்தால் அரிப்பு வேகமெடுக்கும். ரேடியேட்டர், பிரேக் காலிப்பர், செயின், சைலன்சர் இணைப்புகள் இவற்றை அழுத்தம் குறைந்த தண்ணீரில் அலசினால் போதும். பியரிங் பக்கம் பிரஷர் வாஷரைக் காட்டாதீர்கள். பிறகு கொஞ்சதூரம் ஓட்டிப் பிரேக்கைக் காயவையுங்கள். செயினுக்கு 300 கிலோமீட்டருக்கு ஒருமுறையாவது லூப் அடியுங்கள். அரிப்புத் தடுப்பு ஸ்பிரேயைச் சட்டத்திலும் போல்ட்டுகளிலும் அடிக்கும்போது டிஸ்க்கைத் துணியால் மூடுங்கள்.

நீண்ட பயணத்தில் குளிர் ஆபத்தாக மாறுவதை எப்படி அறிவது?

நடுக்கம் முதல் எச்சரிக்கை. அடுத்து கியர் தவறும், இண்டிகேட்டரை அணைக்க மறப்பீர்கள், "இன்னும் கொஞ்ச தூரம்தானே" என்று தோன்றும். உடலின் உட்சூடு 35 டிகிரிக்குக் கீழே போகும்போது மூளை மந்தமாகிறது. அதனால் தன் நிலையைத் தானே எடைபோட முடியாது. எனவே முடிவைக் கிளம்பும் முன்பே எடுங்கள்: நடுங்கினால் அடுத்த கூரைக்குக் கீழே நிறுத்துவேன் என்று. நடுக்கம் தானாக நின்று, பேச்சு குழறினால் அது குணமல்ல. உடனே மருத்துவ உதவி தேவை. விரலோ மூக்கோ மெழுகுபோல வெளுத்து உணர்விழந்தால் தேய்க்காதீர்கள், பனியை வைத்து உரசவே கூடாது. மறுபடி குளிரில் போக வேண்டியதில்லை என்று உறுதியானால், 37 முதல் 39 டிகிரி வெந்நீரில் அமிழ்த்துங்கள். மது வேண்டவே வேண்டாம். தோலுக்கு ரத்தத்தைத் திறந்துவிட்டு உள்ளிருக்கும் சூட்டை வெளியேற்றிவிடும்.

ஆயில் மூடியின் உள்பக்கம் வெண்ணெய்போல ஏதோ படிந்திருக்கிறது. கூலன்ட் ஆயிலில் கலக்காமல் தடுக்கும் ஹெட் கேஸ்கெட் போய்விட்டதா?

கூலன்ட் அளவு குறையவில்லை, ஆயில் கேஜில் பார்க்கும் ஆயில் தெளிவாக இருக்கிறது என்றால், அது குறுகிய ஓட்டத்தில் ஆவியாகாமல் தங்கிய ஈரம்தான். வாரத்துக்கு ஒருமுறையாவது அரைமணி நேரத்துக்குக் குறையாமல் ஓட்டி எஞ்சினை நன்றாகச் சூடாக்குங்கள்.

இரவில் வெளியே நிறுத்துகிறேன். பூட்டு உறைகிறது, சக்கரமும் நகர மறுக்கிறது.

பூட்டில் வெந்நீர் ஊற்றாதீர்கள், அதுவே அரைமணியில் புதிய ஐஸாகிவிடும். ஐஸ் கரைப்பானைப் பீய்ச்சுங்கள். அதைப் பைக்குக்குள் அல்ல, உங்கள் சட்டைப்பையில் வையுங்கள். சக்கரம் ஒட்டியிருந்தால் அநேகமாகப் பிரேக் பேட் டிஸ்க்கோடு உறைந்திருக்கும். எஞ்சின் பலத்தால் இழுக்க வேண்டாம், பேட் பெயர்ந்துவரும். நியூட்ரலில் போட்டு முன்னும் பின்னும் ஆட்டுங்கள், பெரும்பாலும் விட்டுவிடும். நிறுத்துவதற்கு முந்தைய அரை கிலோமீட்டரில் பிரேக்கை லேசாகப் பிடித்தபடி வந்து ஈரத்தைக் காயவைத்தால் மறுநாள் இந்தத் தொல்லை வராது. ஆக்ஸிலரேட்டர் கேபிளுக்குள்ளும் தண்ணீர் உறையும். தினமும் ஸ்டார்ட் செய்யும் முன், கைப்பிடியைத் திருகி விட்டால் 'டக்' என்று திரும்பி வருகிறதா என்று பாருங்கள். வரவில்லையென்றால் கேபிளைக் காயவைத்து எண்ணெய் விடும்வரை அந்தப் பைக்கை எடுக்காதீர்கள்.