10 கி.மீ. ஓட்டம் 60 நிமிடத்துக்குக் கீழே இறங்கவில்லையா?

வணக்கம் நண்பரே. ஒரு வருடமாக 10 கி.மீ. 60 நிமிடத்திலேயே நிற்கிறது, வாரம் நான்கு நாளும் கிலோமீட்டருக்கு 6:10 (6 நிமிடம் 10 வினாடி) வேகத்தில் ஓடுகிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். சிக்கல் அங்கேதான் என்று நினைக்கிறேன். அந்த வேகம் உடம்பைத் தேறவும் விடாது, புதிதாக எதற்கும் பழக்கவும் செய்யாது.

மூன்று நாட்களை 7:15க்கு இறக்குங்கள். பக்கத்தில் ஓடுபவரிடம் முழு வாக்கியமாகப் பேச முடிய வேண்டும். மற்றவர்கள் முந்திப் போவார்கள், போகட்டும். அதைப் பொறுத்துக்கொள்வதுதான் பலருக்கும் கஷ்டம். அந்த மூன்றில் ஒன்றைச் சிறிது சிறிதாக 14 கி.மீ. வரை நீட்டுங்கள்.

மீதி ஒரு நாள் மட்டும் கடினமாக: 15 நிமிடம் மெல்ல ஓடி உடம்பைச் சூடாக்கிவிட்டு, 800 மீட்டரை நாலரை நிமிடத்தில் ஐந்து முறை. நடுவில் 2 நிமிடம் மெல்லோட்டம். ஐந்தாவதும் முதலாவது போலவே வர வேண்டும். வராவிட்டால் வேகம் அதிகம் என்று அர்த்தம்.

அப்புறம், சென்னையின் மே மாதப் புழுக்கத்தில் எடுத்த நேரத்தைப் பார்த்து மனம் தளராதீர்கள். உடம்பைக் குளிர்விக்கத் தோலுக்கும் ரத்தம் போகவேண்டியிருப்பதால் அதே இதயத்துடிப்பில் வேகம் குறையத்தான் செய்யும். மார்கழிக் காலையில் ஓடிப் பார்த்து ஒப்பிடுங்கள்.

முழங்கால் வலி என்று கடைசி வரியில் சொல்லியிருக்கிறீர்களே, 800 மீட்டர் ஓட்டங்களைத் தொடங்கும் முன் அது முழுதாக ஆறட்டும்.