கிருமியின் நொதியைப் படித்தால் வேலை கிடைக்குமா?

வணக்கம் அம்மா. பலதுறைத் தொழிற்கல்லூரியில் படிக்கும் மகள், நோய்க்கிருமிகளின் சமிக்ஞை நொதிகளைத்தான் ஆராய்வேன் என்று பிடிவாதமாக நிற்பதாக எழுதியிருந்தீர்கள். உங்கள் பயம் புரிகிறது. அவள் ஆசையும் புரிகிறது.

2015இல் இங்கே சிங்கப்பூரில் பச்சை மீன் சாப்பிட்ட பலர் மருத்துவமனையில் சேர்ந்தது ஞாபகமிருக்கும். அப்போதெல்லாம் கஞ்சியோடு சேர்த்துச் சாப்பிடுவார்களே, அதே மீன்தான். காரணம், குரூப் பி ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற பாக்டீரியா. நல்ல உடல்நலத்தோடு இருக்கும் பலரின் குடலில் இது சும்மா கிடக்கும். ரத்தத்தில் இறங்கினால் உயிருக்கே ஆபத்து. தான் எங்கே இருக்கிறோம் என்று அதற்கு எப்படித் தெரிகிறது? அதன் சவ்வில் கவ்எஸ் என்றொரு நொதி உண்டு. சுற்றுப்புறத்தின் மாற்றங்களை உணர்ந்து, தன்மேல் பாஸ்பேட் என்ற சிறு வேதிக் குழு ஒன்றை ஏற்றிக்கொண்டு, உள்ளே இருக்கும் கவ்ஆர் புரதத்துக்கு அதைக் கைமாற்றும். கவ்ஆர் நச்சு மரபணுக்களை அடக்கி வைக்கும்; அந்தப் பிடி தளர்ந்தால் நச்சு பெருகும். இத்தகைய இரட்டை அமைப்பு மனித உடலில் இல்லை. மருந்து தேடுவோர் இதைக் குறிவைப்பது அதனால்தான். உங்கள் மகள் வீண் வேலை எதையும் கேட்கவில்லை.

சரி, வேலை? பட்டயத்தோடு நின்றால் ஆய்வுக்கூட உதவியாளர் வேலை கிடைக்கும். பட்டம் இருந்தால் ஆய்வு உதவியாளர் ஆகலாம், ஆனால் பெரும்பாலும் ஒப்பந்த வேலை. ஆய்வு நிதி தீர்ந்தால் வேறு இடம் பார்க்க வேண்டியிருக்கும். சொந்தமாக ஆராய முனைவர் பட்டம் வேண்டும், அதற்கு இன்னும் நான்கு ஆண்டுகளாவது ஆகும். இதை அவளிடம் மறைக்காதீர்கள். அதே சமயம், புரதத்தைப் பிரித்துச் சுத்தம் செய்யவும் நொதியின் வேகத்தை அளக்கவும் பழகிய கை துவாஸ் வட்டார மருந்துத் தொழிற்சாலைகளுக்கும் தேவைப்படும். உதவித்தொகை வாங்கினால் மட்டும், கையெழுத்துப் போடுமுன் வேலைக் கடப்பாட்டு விதிகளை, அதாவது படித்து முடித்தபின் எங்கே, எத்தனை காலம் வேலை செய்தாக வேண்டும் என்பதை, நீங்களும் ஒருமுறை படியுங்கள்.

இப்போதே முடிவெடுக்க வேண்டாம். வேலைப் பயிற்சிக்கு மருத்துவமனைப் பரிசோதனைக் கூடத்தை விட்டுவிட்டு, ஓர் ஆய்வுக்கூடத்தைக் கேட்கச் சொல்லுங்கள். பயோபோலிஸ் ஆய்வு வளாகத்திலும் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திலும் கிருமிகளை ஆராயும் குழுக்கள் இருக்கின்றன. ஒரே சோதனை நான்கு முறை பொய்த்துப் போன பிறகும் ஐந்தாவது முறை செய்ய அவளுக்கு மனம் வருகிறதா என்று பாருங்கள். அப்புறம் மூவரும் உட்கார்ந்து பேசுவோம்.