மனந்திரும்புதல் என்றால் வருத்தப்படுவது மட்டும்தானா? இயேசுவைப் பற்றிய நற்செய்தியை, அதாவது சுவிசேஷத்தை, பிறருக்குச் சொல்வதோடு அதற்கு என்ன தொடர்பு?

மனந்திரும்புதல் என்பது பாவத்தை விட்டு கடவுளிடம் திரும்புவது. வருத்தம் அதில் ஒரு பகுதிதான். தவறான பஸ்ஸில் ஏறிவிட்டோம் என்று தெரிந்தும் அதே சீட்டில் உட்கார்ந்து அழுதால் ஊர் வந்து சேராது. இறங்கி எதிர்ப்பக்க பஸ்ஸைப் பிடிக்க வேண்டும்.

இயேசுவைக் காட்டிக்கொடுத்த சீடன் யூதாஸும் வருத்தப்பட்டான், அதற்காக வாங்கிய 30 வெள்ளிக்காசைத் திருப்பியும் கொடுத்தான் (மத்தேயு 27). ஆனால் இயேசுவிடம் திரும்பிப் போகவில்லை. இயேசுவைத் தெரியாது என்று மூன்று முறை மறுதலித்த சீடர் பேதுரு திரும்பிப் போனார். வித்தியாசம் அங்கேதான்.

நடைமுறையில் எப்படி? செய்ததைப் பெயர் சொல்லி ஒப்புக்கொள்ளுங்கள். "ஏதாவது தப்பு செய்திருந்தால் மன்னியும்" என்ற பொத்தாம்பொதுவான ஜெபத்தில் பெரும்பாலும் எதுவும் மாறுவதில்லை. பிறருக்கு நஷ்டம் செய்திருந்தால் ஈடுகட்டுங்கள். வரி வசூலித்த சகேயு, அநியாயமாக வாங்கியதை நாலு மடங்காகத் திருப்பித் தருவதாகச் சொன்னான் (லூக்கா 19:8). மன்னிப்புக்கு அது விலையல்ல, திரும்பியதற்கு அடையாளம்.

விசுவாசத்தைப் பகிர்வதும் இங்கிருந்தே வருகிறது. பிசாசுகளிடமிருந்து விடுபட்டவனிடம் இயேசு, வீட்டுக்குப் போய் ஆண்டவர் உனக்குச் செய்ததைச் சொல் என்றார் (மாற்கு 5:19). வேதபாடம் நடத்தச் சொல்லவில்லை. முதலில் எதிரில் இருப்பவர் சொல்வதைக் கேளுங்கள், பிறகு உங்களுக்கு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லுங்கள். அவருடைய பாவப் பட்டியலோடு ஆரம்பித்தால் பேச்சு வாக்குவாதமாகிவிடும்.

ஒருமுறை மனந்திரும்பியவர் மறுபடி தவறவே மாட்டார் என்று பலர் நினைக்கிறார்கள். அது சரியல்ல. நமக்குப் பாவமில்லை என்றால் நம்மையே ஏமாற்றுகிறோம் என்ற 1 யோவான் 1:8 விசுவாசிகளுக்கே எழுதப்பட்டது.