வேறு ஜிம்மில் பயிற்சி: என் பெல்ட்டைக் கட்டிக்கொண்டு போகலாமா?

கேள்வி: பிரேசிலியன் ஜியு-ஜிட்சு (தரையில் மல்லுக்கட்டும் தற்காப்புக் கலை) பழகுகிறேன், வெள்ளைக்கு அடுத்த ப்ளூ பெல்ட். வேலைக்காக ஒரு மாதம் வெளியூரில் இருக்கப்போகிறேன். அங்கே வேறு ஜிம்முக்குப் போனால் என் மாஸ்டர் தப்பாக எடுத்துக்கொள்வாரா? என் பெல்ட்டையே கட்டலாமா? ஸ்பாரிங்கில் (ஜோடியாக மோதிப் பழகுவதில்) எவ்வளவு இறங்கி ஆடலாம்?

பதில்: தாராளமாகப் போங்கள். உங்கள் மாஸ்டரிடம் மட்டும் கிளம்பும் முன்பே நீங்களே சொல்லிவிடுங்கள். யாரோ போட்ட போட்டோவைப் பார்த்து அவருக்குத் தெரியவந்தால்தான் மனக்கசப்பு வரும். முன்கூட்டிச் சொன்னால் அந்த ஊரில் தனக்குத் தெரிந்த இடத்தை அவரே கைகாட்டவும் கூடும்.

அப்புறம் அந்த ஜிம்முக்கு ஒரு மெசேஜ். எத்தனை வருடப் பழக்கம், என்ன பெல்ட், எத்தனை நாள் வருவீர்கள் என்று எழுதி, கட்டணத்தையும் உடை விதியையும் கேளுங்கள். சில இடங்களில் வெள்ளை கீ (பயிற்சி உடை) மட்டும்தான், வேறு டீமின் பேட்ச் ஒட்டிய கீயை விரும்பாதவர்களும் உண்டு.

பெல்ட் விஷயத்தில் அடக்கம் வேண்டாம், உங்களுடையதையே கட்டுங்கள். வெள்ளை பெல்ட்டோடு போய் நின்றால் எதிரில் இருப்பவர் புதியவர் என்று நம்பி அசால்ட்டாக வருவார், அது அவரை ஏமாற்றுவது. ஜூடோ, கராத்தே போல வேறு கலைக்குப் போகிறீர்கள் என்றால் கதை வேறு, அங்கே அவர்கள் சொல்லும்வரை வெள்ளைதான்.

இப்போது ஸ்பாரிங், நான் ரொம்பக் கவலைப்படுவது இதில்தான். உங்கள் ஜிம்மில் உங்களோடு மாதக்கணக்கில் உருண்டவர்களுக்கு நீங்கள் எங்கே விடுவீர்கள், எங்கே விடமாட்டீர்கள் என்று தெரியும், இங்கே யாருக்கும் அது தெரியாது. அதனால் முதல் சில ரவுண்டுகளில் உங்கள் வழக்கமான வேகத்தையும் பலத்தையும் நன்றாகக் குறைத்துக்கொள்ளுங்கள், பிடி விழுந்தால் மெதுவாக இறுக்கி அவர் கையால் தட்டித் தோல்வியை ஒப்புக்கொள்ள நேரம் கொடுங்கள். குதிகாலைப் பிடித்துக் காலைத் திருகும் ஹீல் ஹூக் பக்கமே போகாதீர்கள். அதில் வலி தெரிவதற்குள் முழங்கால் தசைநார் கிழிந்துவிடலாம். இந்தக் கலையின் சர்வதேச அமைப்பான ஐபிஜேஜேஎஃப் நடத்தும் போட்டிகளிலேயே 2021 முதல்தான் அதை அனுமதித்தார்கள், அதுவும் கீ போடாமல் ஆடும் நோ-கீ பிரிவில், பிரவுன், பிளாக் பெல்ட் பெரியவர்களுக்கு மட்டும். மற்ற கால் பூட்டுகளையும் கேட்டுவிட்டுப் போடுங்கள்.

வெளியாள் என்பதால் ஒருவர் உங்களைச் சோதித்துப் பார்க்க முழு பலத்தோடு வரலாம். அப்போது பதிலுக்குப் பதில் காட்டாமல் சீக்கிரமே தட்டிவிடுங்கள். மறுபடி கூப்பிட்டால் "இந்த ரவுண்ட் உட்கார்றேன்" என்று சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு, அதற்குக் காரணம் சொல்லத் தேவையில்லை. உங்களைவிடப் பெரிய பெல்ட்டை நீங்களாக அழைப்பதைச் சில ஜிம்களில் மரியாதைக் குறைவாக நினைப்பார்கள், அங்குள்ளவர்கள் எப்படி ஜோடி சேர்கிறார்கள் என்று கவனித்துவிட்டு நடங்கள்.

அங்கே சொல்லிக்கொடுப்பது உங்களுக்குத் தெரிந்ததற்கு நேர்மாறாக இருந்தாலும் அன்றைக்கு அவர்கள் முறையில்தான் செய்ய வேண்டும். "எங்க ஜிம்ல இப்படி இல்லையே" என்று தயவுசெய்து ஆரம்பிக்காதீர்கள். பக்கத்தில் இருப்பவரைத் திருத்தவும் வேண்டாம், அது அந்தக் கோச்சின் வேலை.

நகம் வெட்டி, துவைத்த கீயோடு போங்கள், மேட்டை விட்டு இறங்கினால் செருப்பு போடுங்கள். உடம்பில் படர்தாமரை மாதிரி எதுவும் தெரிந்தால் ஆறும்வரை போகவே கூடாது. வீடியோ எடுப்பதென்றால் கோச்சிடம் கேளுங்கள். ஒரு மாதம் முழுக்கப் போவதாக இருந்தால், முதல் வகுப்பு முடிந்ததும் அவருக்கு நன்றி சொல்லிவிட்டு மாதக் கட்டணம் உண்டா என்று விசாரியுங்கள். இலவசமாக வரச் சொன்னாலும் ஒருமுறையாவது பணம் கொடுக்க முயலுங்கள்.