'பேசுக' என்று எழுதிய கோப்புகள்

கேள்வி: பெரிய அரசுத் துறை ஒன்றில் உயர் பொறுப்பில் இருக்கிறேன். புதுமைக்கென்று தனிப் பிரிவு தொடங்கினோம். ஆண்டுதோறும் யோசனைப் போட்டி நடத்திப் பரிசும் தருகிறோம். ஆனாலும் ஊழியர்கள் புதிதாக எதையும் முயல்வதில்லை. அவர்களுடைய மனப்பான்மையை மாற்றுவது எப்படி?

பதில்: மாற வேண்டியது அவர்களுடைய மனப்பான்மைதான் என்று எதை வைத்து முடிவு செய்தீர்கள்? பரிசு வாங்கிய யோசனைகளில் எத்தனை நடைமுறைக்கு வந்தன என்று நீங்கள் ஒரு வரிகூட எழுதவில்லையே.

இளநிலை ஊழியர் ஒருவர், ஒரே விவரத்தை மூன்று படிவங்களில் கேட்கிறோம், ஒன்றாக்கிவிடலாம் என்று குறிப்பு வைக்கிறார் என்று கொள்வோம். அடுத்த மேசையில் ஓரத்தில் 'முன்னுதாரணம் உண்டா?' என்று விழுகிறது. அதற்கடுத்து 'நிதிப் பிரிவின் கருத்தைப் பெறுக'. மேலே போனதும், நேரில் வந்து பேசு என்ற பொருளில் 'பேசுக' என்று ஒற்றைச் சொல். யாரும் மறுக்கவில்லை, யாரும் பேசவுமில்லை. கோப்பு கட்டுக்குள் போய்விடுகிறது. 'பேசுக' என்று எழுதியவரை யாரும் எதுவும் கேட்கப்போவதில்லை. ஒப்புதல் தந்து அது சறுக்கியிருந்தாலோ தணிக்கைத் தடை, விளக்கம் கேட்டுக் குறிப்பாணை, தள்ளிப்போகும் பதவி உயர்வு. இதைப் பார்த்து வளர்ந்த ஊழியர் சும்மா இருப்பது சோம்பல் அல்ல, அனுபவம்.

இதற்கு மாறாகவும் நடந்திருக்கிறது. 1979 ஆகஸ்ட் 10 அன்று இந்தியாவின் எஸ்.எல்.வி.-3 ராக்கெட் வங்கக் கடலில் விழுந்தது. கணினி நிறுத்தச் சொல்லியும், வல்லுநர்கள் பரவாயில்லை என்றதால் ஏவ முடிவெடுத்தவர் திட்ட இயக்குநர் அப்துல் கலாம். அன்று செய்தியாளர்கள் முன் உட்கார்ந்து தோல்வியைத் தன் பொறுப்பாக ஏற்றவர் இஸ்ரோ தலைவர் சதீஷ் தவான். 1980 ஜூலை 18-ல் அதே வகை ராக்கெட் ரோகிணி செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் சேர்த்தபோது, செய்தியாளர்களைச் சந்திக்கும்படி கலாமை அனுப்பினார். கலாம் இதைப் பிற்காலத்தில் பல மேடைகளில் சொல்லிவந்தார்.

அப்படி ஒரு தலைவர் வாய்த்தால்தான் உண்டா என்று கேட்பீர்கள். இல்லை, விதியாகவே எழுதிவைக்கலாம். அமெரிக்காவில் விமானிகள் தங்கள் தவறுகளைத் தாங்களே எழுதி அனுப்பும் ஏற்பாடு 1976-ல் வந்தது. தண்டிக்கும் அதிகாரமுள்ள துறையிடம் யார் உண்மையைச் சொல்வார்கள்? அதனால் அறிக்கைகளை வாங்கும் வேலை நாசாவிடம் தரப்பட்டது. நாசா பெயரை நீக்கிவிட்டுத்தான் விவரத்தைப் பதிவு செய்கிறது. குற்றமோ விபத்தோ அல்லாத, தெரியாமல் செய்த விதிமீறலைப் பத்து நாளுக்குள் தெரிவித்தவருக்குப் பொதுவாகத் தண்டனை கிடையாது.

உங்கள் துறையிலும் முடியும். எந்த முயற்சிக்கும் எவ்வளவு பணம், எத்தனை மாதம், என்ன நடந்தால் நிறுத்துவது என்று தொடங்கும் முன்பே எழுதி நீங்கள் கையெழுத்திடுங்கள். தணிக்கையாளரை முதல் நாளே அழைத்துக் காட்டுங்கள். அந்த வரம்புக்குள் தோற்றால் யாருக்கும் குறிப்பாணை போகக்கூடாது. முயற்சி முடியும்வரை பொறுப்பாளரை இடம் மாற்றாதீர்கள். பாதியில் மாற்றப்பட்ட ஆளோடு பல நல்ல திட்டங்கள் போய்விட்டன. மறுப்பவரும் காரணத்தைத் தன் பெயரிலேயே, தேதியோடு எழுதட்டும்.

இந்த ஆண்டு பரிசளிப்பு விழாவைத் தள்ளிவையுங்கள். 'பேசுக' என்று உங்கள் கையால் எழுதிய கோப்புகளைக் கட்டிலிருந்து எடுக்கச் சொல்லுங்கள். குறிப்பு வைத்தவர்களை ஒவ்வொருவராக அழைத்து, உட்காரவைத்துப் பேசுங்கள்.