பாம்பூ ஸ்ரிம்ப் வாங்கலாமோ?

கேள்வி: அண்ணை, கிளிநொச்சியில இருக்கிறன், ரெண்டரை அடி மீன் தொட்டி ஒண்டு போன மாசம்தான் செட் பண்ணினது, கப்பியும் நியோன் டெட்ராவும் நிக்குது. கொழும்பில இருந்து பாம்பூ ஸ்ரிம்ப் எண்ட தொட்டி இறால் எடுத்துத் தாறன், ஊத்தையைத் திண்டு தொட்டியையும் கிளீனாக்கும், தனியாச் சாப்பாடு தேவையில்லை, குஞ்சு பொரிச்சா விக்கவும் ஏலும் எண்டு கடைக்காரர் சொல்றார். வாங்கலாமோ?

பதில்: இப்ப வாங்காதேங்கோ தம்பி. அந்தச் சாப்பாடு தேவையில்லை எண்ட கதையை நம்பித்தான் கனபேர் இந்த இறாலைப் பட்டினி போட்டுக் கொல்லுகினம். ஓடுற தண்ணிக்கு நேர நிண்டு, முன்கால் நாலிலயும் இருக்கிற விசிறியை விரிச்சு, மிதந்து வாற பாசி, துணிக்கையள வடிச்சு வாயில வைக்கும், அதுக்குத் தெரிஞ்ச தொழில் அவ்வளவுதான். ஒரு மாசத் தொட்டியில தண்ணி கண்ணாடி மாதிரி இருக்கும், அதில வடிக்க என்ன கிடக்கு? ஆறு மாசமாவது ஓடட்டும், பாசி பிடிக்கட்டும். பிறகும் ஸ்பைருலினா எண்ட பாசிப் பவுடரோ நல்லா அரைச்ச குஞ்சுமீன் தீனோ தொட்டித் தண்ணியில கரைச்சு, பில்டர் தண்ணி வாற வாயில சிரிஞ்சால கொஞ்சங் கொஞ்சமா விடவேணும், கூட விட்டா தண்ணி பழுதாகும்.

குஞ்சு வித்துக் காசு பாக்கிறதை மறந்திடுங்கோ. குஞ்சுக்கு உப்புத்தண்ணி வேணும், வீட்டுத் தொட்டியில வளர்க்கிறது லேசுப்பட்ட வேலையில்லை, கடைக்கு வாறதுகளே பெரும்பாலும் ஆத்தில பிடிச்சதுகள்தான்.

வாங்கேக்க முன்காலைப் பாருங்கோ. விசிறி இருக்கவேணும். கவ்வுற நீட்டுக் கொடுக்கு இருந்தா அது எங்கட குளங்களில விடுற நன்னீர் இறாலின்ர குஞ்சாயும் இருக்கலாம், வளந்து உங்கட டெட்ராவையே பிடிச்சுத் தின்னும். கொழும்புத் தண்ணி மென்மை, எங்கட கிணத்துத் தண்ணி கேத்தில் அடியில வெள்ளையாப் படியிற தண்ணி, அதால பையோட தொட்டிக்குள்ள கொட்டாம, இறாலை வந்த தண்ணியோட ஒரு வாளியில விட்டு, எயார் டியூப்பில ஒரு முடிச்சுப் போட்டு தொட்டித் தண்ணியைச் சொட்டுச் சொட்டா ஒண்டு ரெண்டு மணித்தியாலம் வாளிக்குள்ள விட்டுப் பழக்குங்கோ. குடிக்க வாங்கிற ஆர்ஓ தண்ணியை மட்டும் ஊத்தவேண்டாம், அதில தாதுப்பு இல்லை, கோது கழட்டேக்க கஷ்டப்படும். கிணத்துக்கு குளோரின் போட்ட நேரம் அந்தத் தண்ணி தொட்டிக்கு ஆகாது.

கேள்வி: புதுக்குடியிருப்பில இருந்து எழுதிறன். ரெண்டு வாங்கி விட்டனான். நாள் முழுக்க மண்ணைக் கிளறிக்கொண்டு திரியுதுகள், துப்பரவாக்குதுகள் போல, நல்லம்தானே?

பதில்: இல்லை அக்கா, அது பசி. தண்ணியில ஒண்டும் வராட்டித்தான் கீழ இறங்கிப் பொறுக்கும். இண்டைக்கே தீன் கரைச்சு விடுங்கோ, பில்டர் தண்ணி அடிக்கிற பக்கமா ஒரு கட்டை வையுங்கோ, ஏறி நிண்டு விசிறி விரிச்சுதெண்டா தப்பீட்டுது. ஒருநாள் கல்லுக்குள்ள ஒளிஞ்சு, வெளியில வெறுங்கோது கிடந்தா செத்துப்போச்சு எண்டு பதறாதேங்கோ, கோது கழட்டியிருக்கும், புதுக்கோது இறுகுமட்டும் நோண்டாம விடுங்கோ. மீனுக்கு வெள்ளைப்புள்ளி வந்தாலும் செம்பு சேர்ந்த மருந்து விடக்கூடாது, இறாலுக்கு நஞ்சு. சித்திரை வெயிலுக்கு தண்ணி 28 பாகைக்கு மேல ஏறினா ஒட்சிசன் குறையும், அந்த நேரம் பாத்துக் கரண்டும் போகும், பற்றரியில ஓடுற எயார் பம்ப் ஒண்டு வாங்கி வையுங்கோ, இறால் விலையைப் பாத்தா அது பெரிய செலவில்லை.

கேள்வி: பாம்பூ ஸ்ரிம்ப் எண்டு சொல்லி வேற இறால் தந்தால் காசு திருப்பிக் கேக்கலாமோ? (மாங்குளம்)

பதில்: கேக்கலாம், ஆனா கையில பில் இருக்கவேணும். கேட்டா கடைக்காரர் பற்றுச்சீட்டு தரத்தான் வேணும், 2003ஆம் ஆண்டு 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தில இருக்கு. சும்மா இறால் எண்டு எழுதாம பேரோட எழுதிக் கேளுங்கோ, தந்த இறாலைப் பையோடயே போட்டோ எடுங்கோ. கடைக்காரர் மசியாட்டி 1977க்கு அடிச்சு நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையைக் கேளுங்கோ, எழுத்தில முறைப்பாடு குடுக்கிறதெண்டா வாங்கி மூண்டு மாசத்துக்குள்ள குடுக்கவேணும். கொழும்பில இருந்து பஸ்ஸில போட்டுவிட்டு வழியில செத்தா ஆர் பொறுப்பு எண்டதை மட்டும் காசு குடுக்க முதலே கதைச்சு, அதையும் அந்தப் பில்லில எழுதுவிச்சு எடுங்கோ.